உபுண்டு 10.04-இல் இறுவட்டு எழுதத் தவறும்போது காரணத்தைக் கண்டறிந்து திருத்தும் முறை

யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே உள்ள எங்கள் வாசிகசாலையில், 2010 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 10.04 இயங்குதளம் நிறுவப்பட்ட மேசைக் கணினி ஒன்று இன்றும் வேலை செய்கிறது. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் அவர் நினைவாக அச்சிட்டு வழங்கும் கல்வெட்டுகள், கோயில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள் ஆகியவற்றை ஊரவர் கொண்டுவந்து தருவார்கள். அவற்றை வருடி எடுத்து, ஒரு பிரதியை வாசிகசாலை அலுமாரிக்கும் இன்னொன்றை உரிய குடும்பத்துக்கும் டிவிடியில் எழுதிக் கொடுப்பதே அந்தக் கணினியின் பணி. எங்களிடம் உள்ள வருடி அந்தப் பதிப்பில்தான் ஒழுங்காக இயங்குகிறது என்பதால் அதை மாற்றாமல் வைத்திருக்கிறோம். இந்த வேலையில் எங்களை மிகவும் அலைக்கழித்தவை, பாதி வழியில் நின்றுபோன இறுவட்டுகள்தாம். ஒவ்வொன்றாகக் காரணம் தேடிப் பிடித்ததில் கற்றதை, இதே போன்ற பழைய கணினியை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உபுண்டு 8.04, 12.04 ஆகியவற்றுக்கும் அதே காலத்து டெபியன் இயங்குதளத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்குமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். இச்செயலை ஆங்கிலத்தில் 'எரித்தல்' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பார்கள். தமிழிலும் சிலர் அப்படியே எழுதுகிறார்கள். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஓர் ஆவணத்தைக் காப்பதற்காகச் செய்யும் வேலைக்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இங்கு முழுவதும் 'எழுதுதல்' என்றே சொல்கிறேன். கட்டளைகளின் பெயர்களையும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கட்டளைகளை இடும் சாளரமான முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இட வேண்டும்.

முதல் பிழை வரியைத் தேடுங்கள்

உபுண்டு 10.04-இல் இயல்பாக வரும் எழுதும் மென்பொருள் பிரசேரோ. எழுதுதல் தவறினால் அது ஒரு சிறு சாளரத்தைத் திறந்து, பிழை நேர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை வெளியே தள்ளிவிடும். அந்த ஒரு வரியை வைத்து எவராலும் காரணம் சொல்ல முடியாது. அதே சாளரத்தில் பதிவுக் குறிப்பைப் பார்ப்பதற்கான பொத்தான் உண்டு. அதை அழுத்தி, குறிப்பு முழுவதையும் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். சேமித்ததைக் கீழிருந்து மேலாகப் படிக்காமல் மேலிருந்து கீழாகப் படித்து, முதன்முதலில் பிழை என்று வரும் வரியைக் கண்டுபிடியுங்கள். பின்னால் வரும் பத்துப் பதினைந்து வரிகளும் பெரும்பாலும் அந்த முதல் பிழையின் விளைவுகளே. கடைசி வரியில் 'இறுவட்டை முடிக்க இயலவில்லை' என்று இருப்பதைப் பார்த்து முடித்தலில்தான் கோளாறு என்று எண்ணி, நாங்கள் இரண்டு வாரத்தை வீணாக்கியிருக்கிறோம்.

பிரசேரோ தானாக இறுவட்டில் எழுதுவதில்லை. அது பின்னணியில் வேறு நிரல்களை ஏவுகிறது. குறுந்தட்டுக்கு வோடிம், டிவிடிக்கு குரோ-ஐசோ-எஃப்எஸ், இரண்டுக்கும் பொதுவாக லிப்பர்ன் என்ற நிரல் நூலகம் என்று அவை பிரிந்திருக்கின்றன. இதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. யோர்க் ஷில்லிங் எழுதிய சிடிரெக்கார்ட் என்ற நிரலே நெடுங்காலம் லினக்ஸ் உலகில் எழுதுவதற்கு அடிப்படையாக இருந்தது. உரிமம் பற்றி எழுந்த கருத்து வேறுபாட்டால் டெபியன் குழுவினர் 2006-இல் அதிலிருந்து கிளை பிரித்து, அதற்கு வோடிம் என்று பெயரிட்டனர். குறுந்தட்டு எழுதுவதில் வோடிம் நம்பத்தக்கது. டிவிடியில் அது தடுமாறும். ஆகவே டிவிடி தவறும்போது பதிவுக் குறிப்பில் வோடிம் என்ற பெயர் தென்பட்டால், பிரசேரோவோடு சேர்ந்து இயங்கும் துணை நிரல்களான செருகுநிரல்களின் பட்டியலைத் திறந்து, வோடிமை நிறுத்தி, குரோ-ஐசோ-எஃப்எஸ் அல்லது லிப்பர்ன் இவற்றில் ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். எங்கள் கணினியில் டிவிடிகள் தவறுவதில் ஒரு பங்கு இந்த ஒரு மாற்றத்தோடே நின்றுபோயிற்று.

குரோ-ஐசோ-எஃப்எஸ் தரும் பிழை வரியில் மூன்று எண்கள் இருக்கும். இறுவட்டில் எழுதும் கருவியான றைற்றரே அனுப்பும் குறியீடுகள் அவை. நிரலின் ஊகம் அதில் எதுவும் இல்லை. முதல் எண்ணைப் பார்த்தாலே எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். 2 என்றால் றைற்றர் இன்னும் ஆயத்தமாகவில்லை. 3 என்றால் இறுவட்டின் பரப்பில் சிக்கல். 4 என்றால் வன்பொருளில் பழுது. 5 என்றால் நிரல் கேட்டதை றைற்றர் ஏற்க மறுக்கிறது. இரண்டாவது மூன்றாவது எண்கள் காரணத்தை இன்னும் நெருங்கிச் சொல்லும். 73, 03 என்று வந்தால், எழுதத் தொடங்குமுன் லேசரின் வலுவை இறுவட்டின் ஓர் ஓரத்தில் சோதித்து அளவிடும் படியிலேயே றைற்றர் தோற்றுவிட்டது என்று பொருள். அந்த றைற்றருக்கு அந்த இறுவட்டு ஒவ்வவில்லை, அல்லது லேசர் களைத்துவிட்டது. 30, 05 என்றால் எழுத இயலாத வகையான தட்டு உள்ளே இருக்கிறது. 3ஏ என்று தொடங்கினால் றைற்றரின் கண்ணுக்கு இறுவட்டே படவில்லை. 0சி, 00 என்பது தட்டில் எழுதும்போது நேரும் பொதுவான பிழை. அடிக்கடி வருவதும், காரணம் தேட அதிக நேரம் எடுப்பதும் இதுவே.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனி என்ன கண்டது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுதுதல் தவறிய உடனேயே முனையத்தில் டிமெசெஜ் கட்டளையை இட்டால், கடைசி இருபது முப்பது வரிகளில் றைற்றரின் பெயர், அதாவது எஸ்ஆர்0, வருகிறதா என்று தெரியும். அங்கே எதுவுமே இல்லாமல் பிரசேரோ மட்டும் பிழை சொன்னால், கோளாறு பெரும்பாலும் மென்பொருளின் பக்கத்தில்தான்.

தட்டும் கண்ணாடியும் தூசியும்

ஒரு நிகழ்வை விரிவாகச் சொன்னால் இப்பகுதி தெளிவாகும். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் ஓர் ஆடி மாதத்தில், ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கல்வெட்டுகளை ஒரு டிவிடியில் எழுத முயன்றோம். தட்டில் எழுத வேண்டிய அனைத்தையும் ஒன்றாக்கிய பிம்பக் கோப்பின் அளவு 4,300,800,000 பைட். முதல் இறுவட்டு ஏறக்குறைய மூன்று ஜிகாபைட்டைக் கடந்ததும் நின்றது; பிழை 3, 0சி, 00. தட்டு மட்டமானது என்று முடிவுகட்டி, நகரத்துக்குப் போய் வேறு வகைத் தட்டு வாங்கி வந்தோம். அதுவும் அதே இடத்தை ஒட்டியே நின்றது. குறுந்தட்டு ஒன்றை வைத்துச் சோதித்தபோது அது முழுமையாக எழுதப்பட்டது.

இந்த மூன்று செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. டிவிடியில் எழுதுதல் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிச் செல்கிறது. 16 மடங்கு வேகமுள்ள றைற்றர் தொடக்கத்தில் ஏறக்குறைய 6 மடங்கில் தொடங்கி, விளிம்பை நெருங்கும்போதுதான் 16-ஐத் தொடும். வேகம் கூடக் கூட லேசருக்கு வலு கூடுதலாக வேண்டும், குவியமும் துல்லியமாக இருக்க வேண்டும். குறுந்தட்டுக்கு 780 நானோமீற்றர் லேசரும் டிவிடிக்கு 650 நானோமீற்றர் லேசரும் பயன்படுகின்றன. டிவிடியின் தடங்கள் மிக நெருக்கமானவை, ஆகவே கண்ணாடியில் படியும் மெல்லிய படலம்கூட அதைத்தான் முதலில் தாக்கும். உள்வட்டத்தில் ஒழுங்காக எழுதி வெளிவட்டத்தில் தவறுகிறது, குறுந்தட்டில் தவறவில்லை, தட்டின் வகையை மாற்றியும் பயனில்லை என்றால், சந்தேகம் லேசர்க் கண்ணாடியின் மேல்தான் விழ வேண்டும்.

வேகத்தை 4 மடங்கிற்குக் குறைத்து எழுதிப் பார்த்தோம். மூன்றாவது இறுவட்டு இறுதிவரை சென்றது. டிவிடியின் ஒரு மடங்கு வேகம் விநாடிக்கு 1,385 கிலோபைட் என்பதால், அந்தக் கோப்புக்கு 4 மடங்கில் ஏறக்குறைய 13 நிமிடம் பிடிக்கும். பிறகு றைற்றரைக் கழற்றி, இறுவட்டு வைக்கும் இழுப்பறையைத் திறந்து விளக்குப் பிடித்துப் பார்த்தால், கண்ணாடியின் மேல் குங்குமத்தை ஊதிவிட்டது போல் செம்மண் தூசு மெல்லியதாகப் படிந்திருந்தது. கணினி இருந்த மேசை விறாந்தைப் பக்கத்து யன்னலின் கீழே இருந்தது. காற்று அடித்த திசையும் அதுவே. காற்றூதும் இரப்பர்க் குமிழால் தூசியை முதலில் ஊதி அகற்றி, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரப்பைல் அற்ககோலை ஒரே ஒரு துளி தொட்டு, அழுத்தாமல் ஒருமுறை துடைத்தோம். ஊதாமல் துடைக்கக் கூடாது. மண் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். வாயால் ஊதுவதும் ஆகாது, எச்சில் படும். அதன்பின் 8 மடங்கிலும் டிவிடிகள் ஒழுங்காக எழுதப்பட்டன. மேசையை உள் அறைக்கு மாற்றிவிட்டோம்.

வேகத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மையே. ஒவ்வொரு வகைத் தட்டிலும் எந்த வேகத்தில் எவ்வளவு வலுவோடு எழுத வேண்டும் என்ற அட்டவணையை றைற்றரின் உள்மென்பொருள் வைத்திருக்கிறது. 16 மடங்கிற்கென்று செய்யப்பட்ட தட்டை மிகக் குறைந்த வேகத்தில் எழுதினால் சில றைற்றர்களில் தரம் இறங்கிவிடுகிறது. 4 முதல் 8 மடங்கு வரை எழுதிச் சோதித்து, எதில் பிழை குறைவோ அதை உங்கள் றைற்றருக்குரிய வேகமாக வைத்துக்கொள்வதே நான் கண்ட நல்ல வழி.

தட்டை மாற்றிச் சோதிக்கும்போது உறையின் பெயரை நம்பாதீர்கள். ஒரே நிறுவனப் பெயரில் வெவ்வேறு ஆலைகளின் தட்டுகள் வரும். டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ என்ற கட்டளை, தட்டிலேயே பொறித்திருக்கும் உற்பத்தியாளர் குறியீட்டைக் காட்டும். இரு பெட்டிகளுக்கும் குறியீடு ஒன்றாக இருந்தால் நீங்கள் தட்டை மாற்றவே இல்லை என்று கொள்ளுங்கள். பழைய றைற்றருக்கு அதன்பின் வந்த தட்டுகளின் குறியீடு தெரியாமலும் இருக்கலாம். அப்போது அது பொதுவான ஓர் அளவை ஊகித்து எழுதும், 73, 03 பிழை எட்டிப்பார்க்கும்.

மின்சாரத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலும் எழுதிக்கொண்டிருக்கும் தட்டு வீண்தான். 2022-இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீடித்தபோது நாங்கள் எழுதுவதையே நிறுத்தி வைத்தோம். யூபிஎஸ் இல்லாமல், அதிலும் அயலில் தண்ணீர் மோட்டார்கள் ஓடும் காலை நேரத்தில், எழுதத் தொடங்காதீர்கள்.

பழைய ஐடிஈ நாடாக் கேபிளில் இணைந்த றைற்றராயின், டிமெசெஜ் வரிகளில் அந்த றைற்றர் எந்த முறையில் அமைக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். யூடிஎம்ஏ என்று தொடங்கினால் நன்று. பிஐஓ என்று இருந்தால், தரவு ஒவ்வொரு சொல்லாகச் செயலி வழியே போகிறது என்று பொருள். அந்த வேகம் டிவிடிக்குப் போதாது. எங்கள் கணினியில் கேபிளை மாற்றியதும் அது தானாகவே யூடிஎம்ஏக்குத் திரும்பிவிட்டது. யூஎஸ்பி வழியாக இணையும் வெளி றைற்றராயின், அது யூஎஸ்பி 2.0 துளையில் இருப்பதை உறுதி செய்யுங்கள். பழைய 1.1 துளையின் வேகம் டிவிடியின் ஒரு மடங்கிற்கே ஈடுகொடுக்காது.

இயங்குதளமே குறுக்கிடும் இடங்கள்

மேசைத்தளம் நமக்கு உதவுவதாக எண்ணிச் செய்யும் ஒரு வேலை எழுதுதலைக் கெடுப்பதுண்டு. புதிய தட்டு போடப்பட்டிருக்கிறதா என்று அறிவதற்காக, பின்னணிச் சேவை ஒன்று சில விநாடிகளுக்கு ஒருமுறை றைற்றரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். உபுண்டு 8.04-இல் அது ஹால், 10.04-இல் யூடிஸ்க்ஸ். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் இக்கேள்வி போய்ச் சேர்ந்தால் பெரும்பாலான றைற்றர்கள் பொறுத்துக்கொள்ளும்; சில பொறுப்பதில்லை. தொடக்கத்திலோ, எழுதி முடித்துத் தட்டை மூடும் கட்டத்திலோ மட்டும் பிழை வருவதும், ஒரே தட்டு ஒருநாள் எழுதப்பட்டு மறுநாள் தவறுவதும் இதன் அறிகுறிகள். யூடிஸ்க்ஸ் கட்டளையை இன்ஹிபிட்-போலிங் என்ற தெரிவோடும் றைற்றரின் பெயரோடும் ஒரு முனையத்தில் இட்டு, அம்முனையத்தைத் திறந்தபடியே விட்டு, வேறொரு முனையத்தில் எழுதிப் பாருங்கள். ஹால் உள்ள பதிப்பில் ஹால்-டிசேபிள்-போலிங் என்ற கட்டளை அதே வேலையைச் செய்யும். பிழை மறைந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

'சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்ற பொருள்பட வரும் பிழையும் இதற்கு உறவுதான். பழைய தரவுள்ள மறுபடி எழுதத்தக்க தட்டைப் போட்டதும் மேசைத்தளம் அதை உடனே இணைத்துத் திறந்துவிடும்; திறந்திருக்கும்வரை எழுத இயலாது. கோப்பு உலாவியில் இணைப்பை நீக்குங்கள். அப்போதும் விடாவிட்டால், ஃபியூசர் கட்டளை எந்த நிரல் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும். எங்களிடம் அது பெரும்பாலும் ஒளிப்பட மேலாளராகவே இருந்தது.

அடுத்தது அனுமதி. எழுதுபவருடைய பயனர் கணக்கு சிடிரோம் என்ற குழுவில் இருக்க வேண்டும். குரூப்ஸ் கட்டளையை இட்டால் குழுக்களின் பெயர்கள் வரும். வாசிகசாலையில் மாணவர்களுக்கென்று பின்னர் உருவாக்கிய கணக்கில் அந்தப் பெயர் இல்லாமல் இருந்தது. நிர்வாகியின் கணக்கில் எழுதியது மாணவர் கணக்கில் எழுதாததற்கு வேறு காரணமே இல்லை. குழுவில் சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால்தான் மாற்றம் செல்லுபடியாகும்.

அனுமதிச் சிக்கல் என்று எண்ணிப் பலர், நிர்வாகி உரிமையோடு இயக்க உதவும் சூடோவோடு குரோ-ஐசோ-எஃப்எஸ் கட்டளையை இடுகிறார்கள். அதன் பழைய பதிப்புகள் சூடோவின் கீழ் இயக்கப்படுவதைக் கண்டதும் வேண்டுமென்றே நின்றுவிடும். பாதுகாப்புக்காக அதை எழுதியவர் வைத்த தடை அது, பழுதென்று எண்ண வேண்டாம். சாதாரணப் பயனராகவே இயக்குங்கள். அப்போது 33554432 என்ற எண்ணோடு, நினைவகம் ஒதுக்க இயலவில்லை என்று ஒரு பிழை வரக்கூடும். அந்த எண் 32 மெகாபைட்டைக் குறிக்கிறது. எழுதும்போது தரவு இடையறாமல் போவதற்காக நிரல் அவ்வளவு நினைவகத்தைப் பூட்டி வைக்கப் பார்க்கிறது. சாதாரணப் பயனர் பூட்டிவைக்கக்கூடிய அளவோ இயல்பாக 64 கிலோபைட்தான். கணினியில் நினைவகம் தாராளமாக இருந்தும் இப்பிழை வருவதால், புதிய நினைவகம் வாங்கிப் போட்டவர்களையும் நான் அறிவேன். வாங்கத் தேவையில்லை; லிமிட்ஸ் அமைப்புக் கோப்பில் மெம்லொக் என்ற வரம்பை உயர்த்தி, மறுபடி உள்நுழைந்தால் போதும்.

வேறு எழுதும் நிரலை நிறுவிப் பார்க்க விரும்பினால் இன்னொரு தடை காத்திருக்கும். 10.04 மேசைக்கணினிப் பதிப்புக்கான ஆதரவு 2013 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதன் பொதிகள், அதாவது நிறுவுவதற்கான மென்பொருள் கோப்புகள், வழமையான இணையக் களஞ்சியத்தில் இல்லை. களஞ்சியப் பட்டியலில் உள்ள முகவரியில் 'ஆர்கைவ்' என்ற பகுதியை 'ஓல்ட்-ரிலீசஸ்' என்று மாற்றினால் பழைய பொதிகள் கிடைக்கும். அதன்வழி கே3பி அல்லது சிடிஆர்ஸ்கின் நிறுவிச் சோதியுங்கள். ஒரே தட்டு, ஒரே வேகம், ஒரே பிம்பத்தோடு இன்னொரு நிரலும் அதே இடத்தில் தவறினால், மென்பொருளைக் குறை சொல்வதை அதோடு நிறுத்தலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராத இயங்குதளம் என்பதால், பொதிகளை எடுத்து முடித்ததும் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுவது நல்லது.

இடமும் பெயரும்

பிரசேரோ முதலில் பிம்பக் கோப்பைத் தற்காலிகக் கோப்புறையில் உருவாக்கிவிட்டுப் பிறகு எழுதும். முழு டிவிடிக்கு அங்கே ஐந்து ஜிகாபைட் அளவு காலியாக இருக்க வேண்டும். இயங்குதளம் இருக்கும் வன்தட்டுப் பகுதியான மூலப் பகிர்வு சிறியதாயின் இது கிடைக்காமல், எழுதுதல் தொடங்குமுன்பே நின்றுவிடும். எழுதும் சாளரத்தில் உள்ள தெரிவுகளில் தற்காலிகக் கோப்புறையை இடமுள்ள பகிர்வுக்கு மாற்றுங்கள்.

கொள்ளளவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டிவிடி-ஆர் தட்டில் 4,707,319,808 பைட் கொள்ளும்; டிவிடி+ஆர் தட்டில் 4,700,372,992 பைட்தான். ஏறக்குறைய எழுபது இலட்சம் பைட் வேறுபாடு. முன்னதில் நிரம்ப எழுதிய பிம்பத்தை மற்றதில் எழுத முயன்றால் கடைசி நொடியில் தவறும். தட்டில் 4.7 என்று அச்சிட்டிருப்பது ஆயிரத்தின் பெருக்கக் கணக்கு. 1024-இன் கணக்கில் அது 4.38க்குக் கிட்டத்தான் வரும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள் வைப்பவர்கள் இப்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். விண்டோஸ் கணினிகளில் பெயர்கள் தெரிவதற்காகச் சேர்க்கப்படும் ஜோலியட் அட்டவணையில் ஒரு பெயருக்கு 64 குறியீட்டு இடங்கள் மட்டுமே உண்டு. 'யாழ்ப்பாணம்' என்ற சொல் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோட்டிலோ காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், அது 11 இடத்தைப் பிடிக்கும். யூடிஎஃப்-8-இல் 33 பைட் ஆகும். 'யாழ்ப்பாணம்' போன்ற சொற்கள் ஐந்து சேர்ந்து, இடைவெளிகளும் ஆண்டும் கோப்பின் நீட்டிப்பும் வந்துவிட்டால் 64 நிரம்பிவிடும். அப்போது நிரல் பெயரை வெட்டும், அல்லது பிம்பத்தை உருவாக்க மறுக்கும். வெட்டப்பட்டதில் இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிடுவது இன்னும் தொல்லை. நாங்கள் கோப்புக்கு ஊர்ப்பெயரின் சுருக்கமும் ஆண்டும் வரிசை எண்ணும் மட்டும் வைத்து, முழு விவரத்தையும் தட்டின் முதற்பக்கத்தில் ஒரு தமிழ் உரைக் கோப்பாகத் தருகிறோம். நான்கு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் காணொளிக் கோப்பு இருந்தால், அதைப் பிரித்து எழுதுவதே பழைய பதிப்புகளில் பாதுகாப்பானது.

எழுதியது சரிதானா

பிரசேரோ வெற்றி என்று சொன்னாலும், தோல்வி என்று சொன்னாலும், அதை உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதன் சரிபார்ப்புச் செருகுநிரல் சில வேளைகளில் நன்றாக எழுதப்பட்ட தட்டையும் பழுது என்று சொல்லிவிடுகிறது. தட்டை வெளியே எடுத்து மறுபடி போட்டு நீங்களே சோதியுங்கள். எடுக்காமல் சோதித்தால், நினைவகத்தில் தங்கியிருக்கும் பழைய தரவே படிக்கப்பட்டு எல்லாம் சரி என்று தோன்றக்கூடும்.

சோதிக்கும் முறையிலும் ஒரு பொறி உண்டு. பிம்பக் கோப்புக்கும் இறுவட்டுக்கும் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான எம்டி5சம் எடுத்து ஒப்பிடுவது வழமை. ஆனால் றைற்றரிடம் தட்டு முழுவதையும் அப்படியே படிக்கச் சொன்னால், தடம் ஒவ்வொன்றாக எழுதும் முறையில் எழுதிய குறுந்தட்டுகளில் இறுதியில் வாசிப்புப் பிழை வரும். அம்முறையில் தடத்தின் முடிவில் தரவு இல்லாத இரண்டு தொகுதிகள் சேர்க்கப்படுகின்றன. கருனி அவற்றையும் படிக்கப் போய்ப் பிழை என்கிறது. தரவு முழுதாகவே இருக்கும். இதை அறியாமல் நல்ல தட்டுகளைக் குப்பையில் போட்டவர்கள் பலர். ஐசோசைஸ் கட்டளையால் பிம்பத்தின் சரியான அளவை அறிந்து, அதை 2048 ஆல் வகுத்து, வரும் எண்ணிக்கையிலான தொகுதிகளை மட்டும் டிடி கட்டளையால் படித்து, அதற்கே எம்டி5சம் எடுக்க வேண்டும். மேலே சொன்ன கல்வெட்டுப் பிம்பத்துக்கு 4,300,800,000 வகுத்தல் 2048, அதாவது சரியாக 2,100,000 தொகுதிகள். இரு எண்களும் ஒன்றாக வந்தால் எழுதியது முழுமை.

அதன்பின் அதே தட்டை வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பாருங்கள். எழுதிய றைற்றரால் மட்டுமே படிக்க முடிகிற தட்டு, குடும்பத்தாரின் கைக்குப் போனதும் பயனற்றதாகிவிடும். நாங்கள் தட்டின் நடு வளையத்தில், அற்ககோல் கலவாத மைப் பேனையால் வரிசை எண் ஒன்றை மட்டும் எழுதுகிறோம். தேதி, றைற்றர், வேகம், தட்டின் உற்பத்தியாளர் குறியீடு, எம்டி5 எண்ணின் கடைசி எட்டு இலக்கங்கள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் அந்த வரிசை எண்ணுக்கு நேரே பதிகிறோம். அடுத்த சோளகத்தில் இன்னொரு தட்டு தவறும்போது முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தக் கொப்பியைத்தான்.